குழவிக்கல் கட்டிய சைக்கிள்

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக டி. கல்லுப்பட்டி வரைக்கும் விளக்குச் சிம்னிகளைச் சைக்கிளில் கொண்டுபோன முதல் ஆள் என் வீட்டுக்காரர் முகைதீன் பிச்சைதான். இதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறார். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் அவரைத் தர்கா வாசலில் கிடத்தி எடுத்து, பிச்சை என்று பெயர் வைத்தார்கள். அதனாலோ என்னவோ, கையில் இருப்பது எதுவானாலும் ஒருவன் வந்து திரும்பக் கேட்டுவிடுவான் என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது.

பதினைந்து வயதில் தலையில் கூடை வைத்துச் சிம்னி விற்கத் தொடங்கியவர். திருமங்கலம் வரை நடப்பார், திரும்பி நடப்பார். இருபத்தாறு வயதில் தபாலாபீஸ் குமாஸ்தா ஒருவர் கழித்துப் போட்ட சைக்கிளை வாங்கினார். அப்போது கண்ணாடிச் சரக்கெல்லாம் மாட்டு வண்டியில்தான் போகும். சைக்கிளில் கண்ணாடியா என்று எங்கள் காஜிமார் தெருவே சிரித்தது. அவர் கேட்கவில்லை. கேரியருக்குக் குறுக்கே ஒரு பலகையைக் கட்டி, பலகையின் இரண்டு நுனியிலும் மூங்கில் கூடையைத் தொங்கவிட்டார். ஒவ்வொரு சிம்னிக்குள்ளும் வைக்கோலைத் திணித்து, வெளியிலும் வைக்கோல் சுற்றி, பெரியதும் சிறியதுமாகக் கூடையில் அடுக்குவார். மூன்றாவது கூடை கேரியருக்கு மேல். ஹேண்டில் பாரில் ஒன்றும் மாட்டமாட்டார். முன்பக்கம் கனத்தால் சக்கரம் சொன்னபடி கேட்காது என்பார். பழைய டியூபை நீளமாக அறுத்து அதைக் கொண்டுதான் கூடைகளை இழுத்துக் கட்டுவார். பின்கட்டுக்கு மட்டும் கயிறு. சரளைக்கல் ரோட்டில் டியூப் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், கயிறு கொடுக்காது. டயரில் காற்றைக் குறைத்தே வைத்திருப்பார். ஆறு டஜன் சிம்னி ஒரு நடைக்கு.

இரண்டு வருஷம் அந்த வழி அவருடையதாகவே இருந்தது. கல்லுப்பட்டிச் சந்தையில் அவரைச் சிம்னி ராவுத்தர் என்றே கூப்பிட்டார்கள். அப்புறம் சுலைமான் வந்தார்.

சுலைமான் எங்கள் எதிர்வீடு. சின்ன வயதிலிருந்து ரயில் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை சுமந்தவர். அவரும் ஒரு சைக்கிள் வாங்கினார். தெற்கு மாசி வீதியில் சிம்னி மொத்த வியாபாரம் செய்த அப்துல் அலீம், சரக்கு நிறையப் போகிறதே என்று, அவரையும் அதே வழிக்கு அனுப்பினார். ஒவ்வொரு சந்தை நாளும் விடியலில் சுபுஹு தொழுகை முடிந்ததும் இரண்டு பேரும் எதிர் எதிரே, அவரவர் வாசலில் சுமை கட்டுவார்கள். ஒருவருக்கொருவர் சலாம் சொல்லிக்கொள்வார்கள். அதற்குமேல் பேச்சில்லை.

அப்துல் அலீம் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. உடைந்த சிம்னியை வழியில் போட்டுவிட்டு வரக்கூடாது, ஒரு கோணியில் கட்டித் திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அதனால் சாயங்காலம் எங்கள் தெருவில் யார் சைக்கிள் நுழைந்தாலும், அடுப்படியில் இருந்தபடியே எனக்குத் தெரியும். எங்கள் கோணி சலசலவென்று வரும். சுலைமானின் சைக்கிள் சத்தமில்லாமல் வரும்.

எங்கள் கோணியில் ஏழு, எட்டு. அவருடையதில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

அந்தச் சத்தமின்மை என் வீட்டுக்காரரைத் தின்றது. சுலைமான் எந்தக் கடையில் டியூப் வாங்கினார் என்று கேட்டு, அதே கடைக்குப் போனார். சுலைமானுக்குக் கேரியர் அடித்துக் கொடுத்த சைக்கிள் கடை கருத்தக்கண்ணனிடம் அதே அளவில் ஒன்று அடிக்கச் சொன்னார். "அண்ணே, பழைய கேரியரே நல்லாத்தானே இருக்கு" என்று கருத்தக்கண்ணன் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு வந்தார். சுலைமான் திருமங்கலத்தில் எந்தக் கடையில் டீ குடிக்கிறார் என்று பார்த்து, அங்கே போய்க் குடித்தார். அந்த டீ நன்றாக இல்லை என்று என்னிடம் சொன்னார். ஆனாலும் அங்கேதான் குடித்தார்.

சோறு வைத்தால் சுலைமான், பாய் விரித்தால் சுலைமான். நான் புதுச் சேலை கட்டினேனா, மீன் குழம்பில் புளி கூடிப்போனதா, ஒன்றும் அவருக்குத் தெரியாது. எனக்கு எதிர்வீட்டின் மேல் வேறொரு பொறாமை இருந்தது. சுலைமான் கடைசிக் கட்டுப் போடும்போது அந்த வீட்டுப் படுதாவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வெளியே வரும். மணிக்கட்டில் இரண்டு பச்சை வளையல். அவர் மனைவி அஜ்மல் பீவியின் கை. கயிற்று நுனியை அந்தக் கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அவர் முடிச்சைப் போடுவார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளமாட்டார்கள். எங்கள் வீட்டில் சுமையைத் தொட எனக்கு அனுமதி இல்லை. கண்ணாடி, பொம்பளை கை பதறும் என்பார்.

இதெல்லாம் நான் எப்படிக் கண்டேன் என்றால், எங்கள் வாசலிலும் ஒரு படுதா தொங்கியது. அதன் ஓரம் ஒரு விரல் அகலம் கிழிந்திருந்தது. அதைத் தைக்க எனக்கு ஊசி தேடக் கை வரவில்லை.

முப்பத்தெட்டாம் வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அப்துல் அலீம் இரண்டு பேரையும் கூப்பிட்டார். சோழவந்தான் பக்கம் புதிதாகக் கடைகள் கேட்கிறார்கள், ஒரு சைக்கிள் அங்கே போக வேண்டும், கல்லுப்பட்டி வழிக்கு ஒன்று போதும் என்றார். பெருநாளுக்குமுன் இன்னும் மூன்று சந்தை. மூன்றிலும் யார் கோணியில் குறைவாக உடைந்து வருகிறதோ அவருக்குக் கல்லுப்பட்டி.

சோழவந்தான் ஒன்றும் மோசமான ஊரில்லை. விளாங்குடி வழியாகத் திண்டுக்கல் ரோட்டில் போய்த் திரும்பினால் வந்துவிடும். தூரமும் குறைவு. ஆனால் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "நான் போட்ட பாதை அது. அவன் பாதையா?" என்றார். கல்லுப்பட்டி கைவிட்டுப் போய்விட்டால் அவர் யாரும் இல்லை என்று ஆகிவிடும் என்பது போல இருந்தது அவர் முகம்.

முதல் சந்தைக்கு ஆறு உடைந்தது எங்களுக்கு. சுலைமானுக்கு ஒன்று.

அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் அந்த மூட்டையைக் கவனித்தார். சுலைமான் சைக்கிளில், இடப்பக்கக் கூடைக்குக் கீழே, துணியில் சுற்றிய சின்ன மூட்டை ஒன்று தொங்கியது. வலப்பக்கம் இல்லை. அது எத்தனையோ நாளாக அங்கே இருந்தது. எனக்குத் தெரியும். அவர் கூடையையும் டியூபையும் கேரியரையும் பார்த்தாரே தவிர அதைப் பார்க்கவில்லை. பார்த்ததும் அவருக்கு உறக்கம் போனது. "என்னத்தையோ மறைக்கிறான் புள்ள" என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குச் சுலைமான் சைக்கிளைப் பள்ளிவாசல் சுவரில் சாய்த்துவிட்டு கைகால் கழுவி ஒளூச் செய்யப் போன நேரம், இவர் அந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டார். தொழுகைக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்ததாம்.

உள்ளே இருந்தது உடைந்த அம்மிக் குழவி ஒன்றின் பாதி.

வீட்டுக்கு வந்தவர் நேராக அடுப்படிக்குப் போனார். என் அம்மியின் மேல் இருந்த குழவியை எடுத்தார். நான் மிளகாய் அரைத்துக் கழுவி வைத்திருந்தேன், இன்னும் ஈரம் காயவில்லை.

"அவன் பாதிக் கல்லு கட்டி ஒண்ணு ஒடைக்கிறான்" என்றார். "நான் முழுக் கல்லு கட்டுனா?"

அவர் கேலி செய்யவில்லை. கணக்காகத்தான் சொன்னார்.

எனக்கு அந்தக் கல் எதற்கு என்று தெரியும். மூட்டை சுமந்து சுமந்து சுலைமானின் வலது தோள் இறங்கிப்போயிருந்தது. நடக்கும்போது சட்டை வலப்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்து தொங்கும். சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் உடம்பு வலப்பக்கம் சாயும், சைக்கிளும் கூடச் சாயும். ஒருநாள் அவர் கல்லைக் கட்ட மறந்து ஏறி, தெருமுனை போகுமுன் இறங்கித் திரும்பி வந்து கட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன். கட்டிய பிறகு சைக்கிள் நேராகப் போனது. அவர் உடம்பின் கோணலுக்கு அந்தக் கல். என் வீட்டுக்காரரின் உடம்பில் கோணல் இல்லை.

இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தைச் சொன்னால், அந்நிய ஆணின் தோளை, அவர் நடையை, அவர் ஏறி உட்காருவதை நான் நாள்தோறும் பார்த்தேன் என்று ஆகும். எங்கள் வீடுகளில் பெண் அதைச் சொல்லிவிட்டு அன்றைய சோற்றை அடுப்பிலிருந்து இறக்க முடியாது.

சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "நம்ம சைக்கிளுக்கு அது வேணுமா?"

"ஏன் வேணாம்?"

"அவுகளுக்குத் தோதா இருக்கிறது நமக்குத் தோதா இருக்கணும்னு இல்லையே."

குழவியைக் கீழே வைத்தார். "நீ பாத்தியா?"

"எதை?"

"அவன் ஏறுறதை. போறதை. பாத்தியா?"

"இல்லீங்க" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குழவியைத் துண்டில் சுற்றத் தொடங்கினார். அன்றிலிருந்து நான் மிளகாயும் தேங்காயும் தட்டில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அரைத்து வந்தேன். என்ன ஆச்சு உன் குழவிக்கு என்று அவர்கள் கேட்டதற்கு, கொத்தக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன்.

இரண்டாவது சந்தைக்குக் கல்லோடு போனார். சைக்கிள் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்ததாம். இழுக்கிறதே, பிடிமானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இழுத்ததால் மெதுவாகப் போனார். மெதுவாகப் போனதால் நான்குதான் உடைந்தது. கோணியை என் முன்னால் தூக்கி ஆட்டிக் காட்டினார். "சத்தம் கொறஞ்சிருக்கா?" என்றார். குறைந்திருந்தது. சொன்னேன். அன்று இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டார். சுலைமானுக்கு அந்தச் சந்தையில் மூன்று உடைந்திருந்தது. மொத்தத்தில் இவர் பின்னால்தான் இருந்தார். ஆனாலும் கடைசிச் சந்தையில் பிடித்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

மூன்றாவது சந்தை நாள், திருமங்கலம் தாண்டிக் கரிசல் காடு தொடங்கும் இடத்தில் ஒரு ஓடைப் பாலத்து இறக்கம். சுலைமான் முன்னால் போய்க்கொண்டிருந்தார். இவர் பின்னால். இவ்வளவு நாள் மெதுவாகப் போனவர், அவரை முந்த வேண்டும் என்று அழுத்தினார். எதிரே பருத்தி ஏற்றிய வண்டி வந்தது. வண்டிக்கு விலகி இடப்பக்கம் ஒடித்தார். ஒடித்த பக்கம்தான் கல். சைக்கிள் அவர் சொன்ன இடத்தில் நிற்காமல் கல் சொன்ன இடத்துக்குப் போனது. ரோட்டோரத்துப் பள்ளத்தில் ஆள் கூடைகளோடு சேர்ந்து விழுந்தார்.

வண்டிக்காரர் விருமாண்டி இறங்கி ஓடிவந்து அவரைத் தூக்கினார். முழங்கையில் கண்ணாடி ஏறியிருந்தது, எலும்புக்கு ஒன்றும் இல்லை. வைக்கோலுக்குள் கையை விட்டு நல்லது ஏதாவது இருக்கிறதா என்று துழாவிய விருமாண்டி, துண்டு மூட்டையைப் பிரித்துக் குழவியைக் கையில் எடுத்தார்.

"ஏன் ராவுத்தரே" என்றாராம், "கல்லுப்பட்டியில அம்மிக்குக் குழவி இல்லைன்னு யாராச்சும் சொன்னாகளா?"

வண்டியில் அவரையும் சைக்கிளையும் ஏற்றித் திருமங்கலத்தில் விட்டது அந்த விருமாண்டிதான். நல்ல மனுஷர். ஆனால் அடுத்த சந்தைக்குள் அந்தச் சொல் கல்லுப்பட்டி முழுக்கப் போய்விட்டது. சிம்னி ராவுத்தர் குழவி ராவுத்தர் ஆனார்.

ஆறு டஜனில் ஐந்து சிம்னி மிஞ்சியது. கல்லுப்பட்டி வழி சுலைமானுக்குப் போனது. அப்துல் அலீம் திட்டவில்லை. "பிச்சை, நீ சோழவந்தான் பக்கம் போ. அந்த ரோடு கொஞ்சம் நல்லா இருக்கும்" என்று மட்டும் சொன்னாராம். ரோடு நல்லா இருக்கும் என்றதுதான் அவருக்கு முழங்கைக் காயத்தைவிட வலித்தது.

இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் வியாழக்கிழமை, முழங்கைக் கட்டை அவிழ்த்துக் காயத்துக்கு நான் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார். "நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சதும் ஜமாஅத்துல பிராது வைக்கப்போறேன். என்னை விழுத்தாட்டணும்னேதான் அவன் அந்தக் கல்லைக் கட்டுனான். நான் பாக்கட்டும்னே தொங்கவிட்டான்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று பார்த்தேன். இல்லை. என்ன பேச வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாக யோசித்து வைத்திருந்தார். கல்லுப்பட்டி வழி திரும்பக் கிடைக்கும் என்று நம்பினார். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சுலைமான் சட்டையைக் கழற்றித் தோளைக் காட்ட வேண்டி வரும், அதைப் பார்த்து எல்லாரும் இவரைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. வழி போனது போகட்டும், இதற்குப் பிறகு இவர் தெருவில் நடக்க முடியாது.

"அது உங்களுக்குக் கட்டுனதில்லை" என்றேன். "அவுகளுக்கு வலது தோள் எறக்கம். ஏறி உக்காந்தா சைக்கிள் அந்தப் பக்கம் சாயும். அதை நிமுத்தத்தான் இந்தப் பக்கம் கல்லு."

கையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன்."

"எத்தனை நாளா?"

"நீங்க ரெண்டு பேரும் சுமை கட்டுற நாளெல்லாம்."

"அவன் தோளையா பாத்துக்கிட்டு இருந்த?"

நிறுத்தினால் அதற்குப் பிறகு பேச வராது என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னேன். "உங்களையுந்தான் பாத்தேன். மத்த கட்டெல்லாம் நல்லாத்தான் போடுவீங்க. கடைசி முடிச்சுப் போடுறப்ப நீங்க கயித்தைப் பாக்குறதில்லை. எதிர்வீட்டைப் பாக்குறீங்க. பின்கட்டு எந்நாளும் தளர்வாத்தான் போகுது. அதுதான் ஒடையுது. வேற ஒண்ணுமில்லை."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. எழுந்து போய் வாசல் படுதாவின் முன்னால் நின்றார். கிழிசலில் கண்ணை வைத்து, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இனி இங்கன நிக்காத" என்றார்.

ஜமாஅத்துக்கு அவர் போகவில்லை. ஜும்ஆ முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்துவிட்டார்.

சோழவந்தானுக்கு முதல் நடை போகும் அன்று சைக்கிளை வீட்டுக்குள் தள்ளி வந்தார். இனி முற்றத்தில்தான் சுமை கட்டுவேன் என்றார். நான் எதிர்வீட்டைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவா, அவரே பார்க்கக்கூடாது என்பதற்காகவா, கேட்கவில்லை. சுமையைக் கட்டி முடித்து வெளியே தள்ளினால் கதவில் கூடைகள் இரண்டு பக்கமும் முட்டி நின்றன. எங்கள் வாசல் அவ்வளவு குறுகல். எல்லாவற்றையும் அவிழ்த்தார். அன்று போக்கு இல்லாமல் போனது.

கோபத்தோடுதான் தேயிலைப் பெட்டிப் பலகையை அறுக்க உட்கார்ந்தார். தெருவில் கட்ட வீம்பு விடவில்லை, கதவை இடிக்கவும் முடியாது. சைக்கிளின் கம்பிகளுக்கு நடுவில் முக்கோணமாக வெறும் இடம் இருக்கிறதல்லவா, அதற்குச் சரியாக முக்கோணப் பெட்டி ஒன்று செய்தார். அதில் உமியைக் கொட்டிச் சின்னச் சிம்னிகளை நிற்க வைத்துப் புதைத்தார். மீதியைக் கேரியருக்கு மேல் நெட்டுக்குத்தான ஒரு பெட்டியில், அதுவும் ஆள் அகலத்துக்குமேல் போகாமல். பாரம் உயரத்தில் தொங்காமல் கீழே, கால்களுக்கு நடுவில் வந்துவிட்டது. முழங்காலை அகட்டி மிதிக்க வேண்டும், பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் சைக்கிள் அசையவில்லை.

பின்பெட்டிக்குக் கயிறு போடும்போது என் பக்கம் திரும்பாமல் நுனியை நீட்டினார். "பிடி" என்றார். பிடித்தேன். அவர் முடிச்சைப் பார்த்துப் போட்டார். என் உள்ளங்கையில் நார் அழுத்திய தடம் மத்தியானம் வரைக்கும் இருந்தது. நான் அதைக் கழுவாமல் வைத்திருந்தேன்.

முதல் நடையில் இரண்டு உடைந்தது. அடுத்ததில் ஒன்று. மாசி மாதம் ஒரு நடையில் கோணியே கொண்டுவரவில்லை.

இதெல்லாம் அவருக்குப் போதவில்லை என்பதுதான் விசேஷம். சோழவந்தானில் யார் பாராட்டினாலும் அவர் காதில் ஏறவில்லை. ஒருநாள் காலை, கட்டி முடித்த சைக்கிளை முற்றத்தில் பிடித்துக்கொண்டு, போகாமல் நின்றார். எதிரே சுலைமானும் கல்லுப்பட்டிக்குச் சுமை கட்டும் நாள் அது.

"நேத்து நான் வெளிய வர்றப்ப அவன் நம்ம பெட்டியைப் பாத்தானா?" என்றார்.

"நான் எப்படிக் கண்டேன்? நீங்கதானே நிக்காதன்னீங்க."

கொஞ்ச நேரம் ஹேண்டில் பாரைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தலையை வாசல் பக்கம் ஆட்டினார். "போயிப் பாரு."

போய்ப் பார்த்தேன். சுலைமான் எங்கள் வாசலைப் பார்க்கவே இல்லை. குனிந்து, இறங்கிய தோளோடு, தன் கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை வளையல் கை நுனியைப் பிடித்திருந்தது. இப்படி யாரையும் பார்க்காமல் ஒரு வேலையைச் செய்ய என் வீட்டில் ஒருவருக்கும் வரவில்லையே, எனக்கும் வரவில்லையே என்று அந்த மனுஷரின் மேல் எனக்கு எரிச்சல் வந்தது.

திரும்பி வந்தேன்.

"பாக்குறாரு" என்றேன்.

"எம்புட்டு நேரமா?"

"கட்டறதை விட்டுட்டு நின்னு பாக்குறாரு."

அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டார். சைக்கிளை வாசல் வழியாக வெளியே தள்ளி, முழங்காலை அகட்டி ஏறி, எதிர்வீட்டுப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பாமல், நிமிர்ந்து போனார்.